செவிலியர் சரித்திரம் – 14: வளவு வீட்டில் முதுமை

சென்ற பகுதியில், 1909-ஆம் ஆண்டு டிலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கத் தாதி வேலூரில் தொடங்கிய சிறு பள்ளி, 1946-இல் சென்னைச் சர்வகலாசாலையின் பட்டப் படிப்பை நடத்தும் கல்லூரியாக உயர்ந்த வரலாற்றைக் கண்டோம். அதே ஆண்டில் ஸர் ஜோஸப் போர் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை, இத்தேசத்தில் 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்ற விகிதமே இருந்ததாகக் கணக்கிட்டதை நினைவிற்கொண்டால், அந்நாளில் பயிற்சி முடித்து வெளிவந்த பெண்களின் நேரமெல்லாம் பிரசவ அறையிலும், குழந்தைகள் வார்டிலும், காலராவும் க்ஷயமும் நிரம்பிய கொட்டகைகளிலும் கழிந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முதியவர் என்றொரு தனி நோயாளிக்கு அவர்களுடைய பாடத்திட்டத்தில் இடமே இல்லை. அப்படியானால் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், வீட்டில் இருந்தார். எந்த வீட்டில், யாருடைய கையால் கவனிக்கப்பட்டார் என்பதை அறிய, இம்முறை நாம் ஆஸ்பத்திரியை விட்டுச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போகவேண்டியிருக்கிறது.

இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதியோர் பராமரிப்பு என்பது குடும்பத்தின் வீட்டு வேலையாக இருந்த காலத்தையும், அது கற்றுத் தேறவேண்டிய ஒரு சாஸ்திரமாக மாறிய காலத்தையும் ஒரே கூரையின்கீழ்க் காட்டவல்ல ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை என்பது ஒன்று. 1881-இல் இவ்வூரிற் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரியையும், அதன் விரிவாக 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் நிறுவ, அதன் வளாகத்தில் 1985-இல் அவர் குமாரர் ராஜா சர் முத்தையா செட்டியாரின் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரியும், அதையொட்டி ராணி மெய்யம்மை ஆச்சியின் பெயரால் ஒரு செவிலியர் கல்லூரியும் எழுந்தன என்பது மற்றொன்று.

முதலில் வீட்டைப் பார்ப்போம். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வீடு தெருவிலிருந்து பல படிகள் உயர்ந்த திண்ணையும் முகப்பும் பட்டாலையும் கடந்து, நடுவே வானம் தெரியும் வளவில் வந்து திறந்து, அதற்குப் பின்னும் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீண்டு செல்வது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கலியாணமான ஆண்மக்களுக்கு ஒவ்வொன்றாக உரியவை. இங்கே வெளியூரார் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பு என்று நாம் எண்ணுகிறோம், நகரத்தாரிடம் அப்படியன்று. மகனுக்குக் கலியாணமாகிச் சில காலம் சென்றதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். கூரை ஒன்றாக இருக்க, அடுப்பும் அரிசியும் கணக்கும் தனித்தனியே ஆகிவிடும். வயதான தாய் தந்தையரும் தங்களுக்கென ஓர் அடுப்பை மூட்டிக்கொண்டு, தள்ளாமை வரும்வரை தம் சமையலைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதியவர் தம் தினசரிக் காரியங்களைத் தாமே செய்யும் திறனை இழவாதிருப்பதே பராமரிப்பின் முதல் நோக்கம் என்று இன்றைய செவிலியர் பாடப் புத்தகங்கள் சொல்லுகின்றன. அதை எந்தப் புத்தகமும் பாராமலே இவ்வீடுகள் ஏற்பாடு செய்துவைத்திருந்தன என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலமாக வருணிப்பது நியாயமாகாது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவிக் கடைகளை நடத்தவும் அவற்றில் ஏஜண்டாகவும் அடுத்தாளாகவும் உழைக்கவும் ஆண்கள் மூன்றாண்டுத் தவணையிற் கப்பலேறிவிட, பெண்டிர் ஊரிலேயே தங்கினர். படுத்த படுக்கையான ஐயாவையும் அப்பத்தாவையும் பார்த்துக்கொண்டவர்கள் வீட்டிலிருந்த ஆச்சிகளே. அவர்களிலும் இளவயதிலே கணவனை இழந்து வெள்ளைச் சேலையுடுத்தியவர்கள் மீது இந்தப் பாரம் அதிகமாக விழுந்தது. மலஜலம் எடுப்பது, துணி அலசுவது முதலிய வேலைகளை வீட்டாரின் கண்ணுக்கு எட்டாத பின்கட்டில் கூலிப் பெண்கள் செய்தார்கள். இவர்கள் எவரும் தாதி என்று அழைக்கப்படவில்லை. இவர்களுடைய அநுபவத்தை எவரும் ஏட்டில் எழுதியும் வைக்கவில்லை. வட்டிக் கணக்கைக் காசு பிசகாமல் பேரேட்டில் ஏற்றிய ஒரு சமூகத்தின் வீட்டில், ஒரு கிழவிக்குப் படுக்கைப்புண் எந்த நாளிலே தோன்றியது, எதனால் ஆறிற்று என்ற குறிப்பு மட்டும் இல்லாமற் போனது.

1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தபோது கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பிவந்த துயரமும், பின்னர் அங்கு நிகழ்ந்த தேசியமயமும் செட்டிநாட்டின் செல்வத்தைக் குலைத்த கதை யாவரும் அறிந்ததே. நம் சரித்திரத்துக்கு வேண்டியது அதன் பின்விளைவு. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும், பிறகு கடல்கடந்த நகரங்களுக்கும் உத்தியோகத்தையும் தொழிலையும் நாடிப் போயினர். முன்பு ஆண்மக்கள் போய்த் திரும்பினார்கள், மருமக்கள் வீட்டிலிருந்தார்கள். இப்போது இருவரும் சேர்ந்து போனார்கள், திரும்புவது கலியாணத்துக்கும் அறுபதாம் கலியாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டுமே என்றாயிற்று. அறைகள் பூட்டப்பட்ட வளவில் ஓர் ஆச்சியும், காவலுக்கு ஒருவரும், சமைக்க ஓர் அம்மாளுமாக எஞ்சினார்கள்.

ஏறக்குறைய இதே காலத்திலேதான் கடலுக்கு அப்பால், முதியவரைக் கவனிப்பது சாமானியமான வேலை என்ற எண்ணம் உடையத் தொடங்கியிருந்தது. 1935-இல் லண்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி, பக்கத்திலிருந்த தரித்திரர் விடுதியின் மருத்துவமனையையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டபோது, அங்கே ஆண்டுக்கணக்காகக் கட்டிலிற் கிடத்தப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான முதியோரை டாக்டர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். அவர்களிற் பலர் தீராத நோயினாலன்று, எழுப்பி உட்கார வைக்க எவரும் இல்லாமையினாலேயே படுத்திருக்கிறார்கள் என்று கண்டு, வகைபிரித்து, நடக்கப் பயிற்றி, ஒரு பகுதியினரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். ஆயினும் அவரது வெற்றி முழுவதும் காலையும் மாலையும் நோயாளியை எழுப்பிய தாதியரின் கைகளில் இருந்தது; அக்கைகளின் சாஸ்திரத்தை எழுதியவர் வேறொரு பெண்மணி.

அவர் டோரீன் நார்ட்டன். தாதியாகவே பயின்று, தாதியாகவே ஆராய்ந்தவர். லண்டனில் முதியோர் வார்டுகளில் மக்லாரன் என்ற மற்றொரு தாதியுடனும் எக்ஸ்டன்-ஸ்மித் என்ற டாக்டருடனும் சேர்ந்து அவர் நடத்திய ஆராய்ச்சி 1962-இல் நூலாக வெளிவந்தது. படுக்கையின் உயரம், நாற்காலியின் அமைப்பு, நோயாளியின் உடை என்று, ஆராய்ச்சிக்கு உரியதென அதுவரை எந்த டாக்டரும் கருதாத விஷயங்களையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். அவற்றுள் தலையாயது படுக்கைப்புண். அந்நாளில் ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு வைத்தியம் வழங்கிவந்தது: ஒருவர் ஸ்பிரிட் தேய்ப்பார், ஒருவர் சோப்பு போட்டு உரசுவார், ஒருவர் பவுடர் தூவுவார், ஒருவர் களிம்பு பூசுவார். நார்ட்டன் ஏறத்தாழ 250 முதியோரை நாள்தோறும் பார்த்துக் குறித்துவந்தார். பூசிய பொருளினால் பெரிய வித்தியாசம் எதுவும் நேரவில்லை. இரண்டு மூன்று மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கப்பட்டவர்களுக்கே புண் குறைந்தது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கிய சதைக்கு இரத்தம் செல்லாமையே நோயின் மூலமாதலால், அந்த அழுத்தத்தை நீக்காமல் மேலே எதைப் பூசினாலும் பயனில்லை என்பது அதன் தாற்பரியம்.

யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய அவர் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் செவிலியர் பள்ளிகளிற் கற்பிக்கப்படுகிறது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைக்கும் திறன், மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் கொடுத்துக் கூட்டவேண்டும். முழு எண் 20. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் ஆபத்து நெருங்குகிறது. கருவியோ பரிசோதனைச் சாலையோ வேண்டுவதில்லை. கட்டிலருகே நின்று பார்க்கத் தெரிந்த கண்களும் ஒரு பென்சிலும் போதும். பிற்காலத்தில் நார்ட்டன் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றில் முதியோர் செவிலியத்துக்கான பேராசிரியராகவும் அமர்ந்தார். அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1950-இல், காத்லீன் நியூட்டன் இத்துறைக்கென ஒரு பாடநூல் எழுதியிருந்தார்; அந்நாட்டுத் தாதியர் சங்கம் 1970-இல் இப்பராமரிப்புக்கு நியதிகளை வகுத்தது. அதை விரித்துரைக்க இங்கு அவசியமில்லை.

இனி நம் நாடு. இங்கே முதலில் விழித்துக்கொண்டது வைத்தியத் துறை. செவிலியத் துறை அதன் பின்னே வந்தது. பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வ. செ. நடராஜன், 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் உள்நோயாளி வார்டும் அமைந்து, 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென முதுநிலைப் பட்டப் படிப்பு இந்தியாவிலேயே முதன்முதலாக ஆரம்பமாயிற்று. டாக்டருக்குத் தனிப் பட்டம் வந்தது. அந்த வார்டில் இரவு முழுதும் விழித்திருந்த சிஸ்டர்கள் அத்துறைக்குரிய கல்வியை அங்கேயே வேலையினூடே பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இளநிலைப் பாடத்திட்டத்தில் முதியோர் பராமரிப்பு மருத்துவ-அறுவைச் செவிலியத்தின் உள்ளே ஓர் அலகாக வந்து சேர்ந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தீப்புண்ணுக்கும் நடுவே சில மணி நேரத்தில் முடித்துவிடப்படும் பாடமாக அது அமைந்தது. முதியோர் செவிலியத்துக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பை இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்திருக்கிறது என்பது மெய். பட்டயம் பெற்றவருக்கு அதற்குரிய தனிப் பதவியையும் ஊதியத்தையும் ஆஸ்பத்திரிகள் ஏற்படுத்தாதவரை, ஓராண்டுச் சம்பளத்தை விட்டு அதனைப் படிக்க வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கல்வியின் நிலை இப்படியிருக்க, ஆராய்ச்சியின் நிலை விசித்திரமானது. முதுநிலைச் செவிலிய மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும் என்பது நியதியாதலால், அண்ணாமலை நகரிலும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளிலும் எழுதப்பட்ட ஏடுகள் அலமாரி அலமாரியாகக் குவிந்திருக்கின்றன. அவற்றில் முதியோரைப் பற்றியவை கணிசமானவை. தலைப்புகளைப் பார்த்தாலே முறை விளங்கும்: இன்ன முதியோர் இல்லத்தில் வெந்நீரிற் கால் நனைத்தால் உறக்கம் கூடுகிறதா, பழைய நினைவுகளைப் பேசவைத்தால் மனச்சோர்வு தணிகிறதா, இன்ன உடற்பயிற்சியால் மூட்டுவலி குறைகிறதா என்றவாறு. முப்பது பேர், அறுபது பேர், சில வாரங்கள், முன் சோதனை, பின் சோதனை, முடிவு சாதகம். மாணவி தேர்ச்சி பெறுகிறாள், ஏடு பைண்டு செய்யப்பட்டு உறங்குகிறது. இதைப் பரிகசிப்பது எளிது. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு பேசக் கேட்டுத் தலையசைத்ததுண்டு. ஆனால் முதியோர் இல்லங்களில் வாழ்பவர்கள் எதனால் உறக்கம் இழக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று தமிழிலே கேட்டு எழுதிய ஏடுகள் இவற்றைத் தவிர அதிகம் இல்லை. இவற்றின் குறை சிறுமையன்று, தொடர்ச்சியின்மை. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றொருத்தி தொடங்குவதில்லை. நார்ட்டனுக்கு ஒரு வார்டும் ஆண்டுகளும் கிடைத்தன, நம் மாணவிக்குக் கிடைப்பது சில வாரங்கள்.

தொடர்ச்சியோடு நிகழ்ந்த பணிகளும் உண்டு. மறதி நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக உலக அளவில் ஏற்பட்ட 10/66 என்ற குழு, இந்தியாவில் சென்னை நகரத்தையும் வேலூர்க் கிராமப்புறத்தையும் தேர்ந்து, ஒவ்வோரிடத்திலும் 65 வயது கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை வீடு வீடாகச் சென்று கண்டது. அந்நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்நாடுகளைப் பற்றி நடைபெறவில்லை என்பதே அக்குழுவின் பெயரிலுள்ள எண்களுக்குக் காரணம். முதுமையில் எல்லாருக்கும் மறதி வருவதுதானே என்று குடும்பத்தார் நோயை நோயாகவே கருதாதிருப்பதையும், பராமரிப்பின் பாரம் பெரும்பாலும் பெண்கள்மீதே இருப்பதையும் இத்தகைய ஆராய்ச்சிகள் எண்ணிக்கையோடு காட்டின. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிராம நலப் பிரிவு கே. வி. குப்பம் வட்டாரத்தில் முதியோருக்குப் பகல்நேர மையங்களை நடத்தி, மதிய உணவும் துணையும் தந்து வருவதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். 2017-18-இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-த்துக்கும் அதிகமானோரிடம் இந்தியா முழுவதும் நடந்த முதுமை ஆய்வோ, டாக்டரும் தாதியும் இனிமேல் ஊகத்தில் பேசவேண்டாத அளவுக்குத் தகவல்களைத் திரட்டித் தந்திருக்கிறது.

இந்த அறிவெல்லாம் கானாடுகாத்தான் வளவுக்குள் எவ்வாறு நுழைகிறது? முதலில் வாசற்படியிலேயே தடுக்குகிறது. ஆளுயர நிலைகளும், தாண்டிக் கால் வைக்கவேண்டிய படிக்கட்டைகளும், ஒரு கட்டுக்கும் மறு கட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் தளங்களும் இவ்வீடுகளின் அழகு. கண்ணாடிப் பலகைமேல் சாயக் கலவையை ஊற்றி வார்க்கப்படுவதால் பளபளக்கும் ஆத்தங்குடிப் பூங்கல், மழைநீரோ கழுவிய நீரோ நின்றால் வழுக்கும். கழிப்பிடம் அந்தக் காலத்து ஆசாரப்படி பின்கட்டின் கோடியில் இருக்கும்; ஆச்சி படுத்திருப்பதோ வளவின் ஓர் அறையில். நள்ளிரவில் எழுந்து அரை இருட்டில் இரண்டு நிலைகளைத் தாண்டிப் போய் வருவது எண்பது வயதில் எத்தகைய காரியம் என்பதைக் கட்டடக் கலையை வியந்து எழுதுவோர் எண்ணுவதில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது தூண்களும் ஓடுகளும் கணக்கில் ஏறின. வீட்டைப் பார்வையிடச் செல்லும் செவிலியர் எடுக்கவேண்டிய கணக்கு வேறு: விளக்கு எட்டுகிறதா, பிடிமானம் உண்டா, கட்டிலிலிருந்து பாதம் தரையைத் தொடுகிறதா, வாக்கர் அந்தப் படிக்கட்டையைத் தாண்டுமா, இரவுக்கு ஒரு கம்மோடு நாற்காலியைக் கட்டிலருகிலேயே போட முடியுமா என்பது.

வீட்டுக்குச் செல்லும் அந்தச் செவிலியர் இன்று கற்பனைப் பாத்திரமல்லர். 2010-11-இல் மத்திய அரசு தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டம், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் முதியோருக்கெனப் பத்துப் படுக்கை வார்டையும், படுக்கையிலிருப்போருக்கு வீடு தேடிச் செல்லும் சேவையையும், குடும்பத்தாருக்குப் பயிற்சியையும் வகுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரி அதன் மண்டல மையங்களில் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரோடு, இயன்முறை மருத்துவரும் நோய்தணிப்புச் செவிலியரும் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.

அத்தகைய செவிலியர் ஒருவர் படுத்த படுக்கையான ஆச்சியின் அறையில் என்ன செய்வார் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் ஆச்சியோடு பேசுவார். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்பின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் சிவந்த இடம் உண்டா என்று பார்ப்பார். இருந்தால் விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்துப் பின் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாதாகையால் அவ்விடத்துச் சூட்டையும் கெட்டிப்பையும் புறங்கையால் தொட்டறிவார். பவுடர் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, பழைய வேட்டி ஒன்றைக் குறுக்கே நான்காக மடித்து ஆச்சியின் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியிற் செலுத்தி, ஒரு பக்கத்தில் தாமும் மறுபக்கத்தில் பார்த்துக்கொள்ளும் அம்மாளும் பிடித்துக்கொண்டு, இழுக்காமல் தூக்கி நகர்த்துவார். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணையை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாதபடி தொங்கவிடுவார். பிறகு அந்த அம்மாளையே தனியாகச் செய்யச் சொல்லிப் பார்த்து, எந்நேரம் எந்தப் பக்கம் என்பதைக் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் புறப்படுவார். லண்டனில் 1962-இல் அச்சேறிய ஆராய்ச்சியின் சாரம், தன் மூலத்தை அறியாத ஒரு கூலிப் பெண்ணின் கைக்கு இவ்வாறு வந்து சேருகிறது.

ஆனால் மாதத்துக்கு ஒருமுறையோ சிலமுறையோ வரும் அச்செவிலியருக்கும், இருபத்துநான்கு மணி நேரமும் உடனிருக்கும் அந்த அம்மாளுக்கும் இடையிலுள்ள தூரமே இத்துறையின் இன்றைய பெரும் பிரச்சினை. தமிழ்நாட்டு மக்களில் 60 வயது நிறைந்தோர் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம், 2021-க்கு 13.6 என்றும், 2031-இல் 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்த விகிதம் மிகுந்த மாநிலம் நம்முடையதே. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது நல்ல செய்திதான். கானாடுகாத்தானிலிருந்து அது ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தொலைவில். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியை 2021-இல் அரசு ஏற்றுக்கொண்டது; ராஜா குடும்பத்தாரின் மற்றொரு கல்வி நிலையம் கேளம்பாக்கத்தில் மருத்துவத்தையும் செவிலியத்தையும் கற்பிக்கிறது. ஊர் தந்த செல்வத்தால் எழுந்த கல்விச்சாலைகள் ஊருக்கு வெளியே செழித்திருக்க, ஊரில் எஞ்சிய ஆச்சியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிடமிருந்து வருகிறவர் பெரும்பாலும் எந்தக் கல்விச்சாலையின் வாசலையும் மிதியாதவராகவே இருக்கிறார். எல்லாரும் அவரை ‘ஹோம் நர்ஸ்’ என்கிறார்கள், செவிலியர் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை.

1926-ஆம் ஆண்டின் சென்னைத் தாதியர் பதிவுச் சட்டத்திலிருந்து, 1947-இன் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டம் வரை, யாரைத் தாதி என்று ஏற்பது, யாரை விலக்குவது என்ற வழக்கு எவ்வாறு நடந்துவந்தது என்பதையும், அதில் இந்த ஹோம் நர்ஸ் நிற்கும் இடம் எது என்பதையும் அடுத்த பகுதியில் விசாரிப்போம்.